மெய்நிகர் லினக்ஸுக்குப் பிணைய இணைப்பு: வாசகர் கேள்வி பதில்

மடிக்கணினிக்குள்ளேயே லினக்ஸை மெய்நிகர் கணினியாக நிறுவிப் பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம். உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர் கணினியைக் கெஸ்ட் என்றும் துறையில் அழைக்கும் வழக்கத்தையே பதில்களிலும் பின்பற்றுகிறேன்.

கேள்வி: மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் உபுண்டு சர்வர் என்னும் லினக்ஸ் வகையை நிறுவியிருக்கிறேன். கெஸ்ட்டுக்குள் இணையம் நன்றாக வருகிறது. மென்பொருள்களைத் தரவிறக்க முடிகிறது. ஆனால் விண்டோஸிலிருந்து அதன் முகவரியான 10.0.2.15-க்கு எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக இணைய முயன்றால், நெடுநேரம் காத்திருந்துவிட்டுப் பிழை காட்டுகிறது. எதைத் தவறாகச் செய்தேன்?
(பொறியியல் மாணவி, ஈரோடு)

பதில்: நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு புதிய மெய்நிகர் கணினிக்குத் தானாகத் தருவது நேட் என்னும் இணைப்பு முறை. அந்த முறையின் இயல்பே நீங்கள் காண்பது.

நேட் முறையில் கெஸ்ட்டின் பிணைய அட்டை உங்கள் வீட்டுப் பிணையத்தோடு நேரடியாகச் சேர்வதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் தனக்குள்ளேயே ஒரு சிறிய ரவுட்டரை மென்பொருளாக இயக்குகிறது. கெஸ்ட்டுக்கு 10.0.2.15 என்ற முகவரியையும், வெளியே போகும் வாசலான கேட்வேயாக 10.0.2.2-ஐயும், பெயர் தேடலுக்கான டிஎன்எஸ் முகவரியாக 10.0.2.3-ஐயும் அதுவே வழங்குகிறது. கெஸ்ட் அனுப்பும் ஒவ்வொரு பொதியையும் (தரவுத் துண்டையும்) வாங்கி, விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் சாதாரண விண்டோஸ் நிரலே வெளியுலகோடு பேசுவதைப் போல அதை மாற்றி அனுப்புகிறது. மறுமொழி வந்ததும், அது கெஸ்ட் தொடங்கிய எந்த உரையாடலுக்கு உரியது என்று பார்த்து உள்ளே சேர்க்கிறது. ஆகவே கெஸ்ட் தொடங்கிய பேச்சுக்குப் பதில் வந்து சேரும்; வெளியிலிருந்து ஒருவர் தொடங்கும் பேச்சை எங்கே சேர்ப்பது என்ற குறிப்பு அந்த மென்பொருளிடம் இல்லை. உங்கள் விண்டோஸுக்கோ 10.0.2 எனத் தொடங்கும் பிணையம் இருப்பதே தெரியாது. அது அந்தப் பொதியை வீட்டு ரவுட்டரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. நெடுநேரம் காத்திருந்த பிறகே பிழை வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது போர்ட் ஃபார்வர்டிங்: ஹோஸ்ட்டின் ஒரு போர்ட்டுக்கு (ஒரு சேவையைக் குறிக்கும் எண்ணுக்கு) வருவதைக் கெஸ்ட்டின் ஒரு போர்ட்டுக்கு அனுப்பிவைப்பது. மெய்நிகர் கணினியின் பிணைய அமைப்புப் பகுதியில், நேட் அடாப்டரின் கூடுதல் அமைப்புகளுக்குள் இதற்கான பட்டியல் இருக்கும். ஹோஸ்ட் முகவரி 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22 என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, விண்டோஸிலிருந்து 127.0.0.1 என்ற முகவரிக்கு 2222 போர்ட் வழியாக எஸ்எஸ்எச் செய்தால் கெஸ்ட்டுக்குள் நுழைந்துவிடலாம். ஹோஸ்ட் முகவரிக் கட்டத்தை வெறுமையாக விடுபவர்கள் பலர். அப்படி விட்டால் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களும் உங்கள் மடிக்கணினியின் 2222 போர்ட்டைத் தட்டிப் பார்க்கலாம். விடுதியில் இருப்பவர்கள் 127.0.0.1 என்று எழுதிவிடுவதே நல்லது.

இரண்டாவது வழி, நேட் அடாப்டரை அப்படியே வைத்துக்கொண்டு, ஹோஸ்ட் ஒன்லி என்ற வகையில் இரண்டாவது அடாப்டர் ஒன்றைச் சேர்ப்பது. ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் மட்டுமே இருக்கும் தனிப் பிணையம் அது. வழக்கமாக ஹோஸ்ட்டுக்கு 192.168.56.1 கிடைக்கும். முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சேவை 192.168.56.100-இல் இருந்துகொண்டு, 101 முதல் 254 வரையுள்ள எண்களைக் கெஸ்ட்களுக்குப் பகிரும். ஒரே ஒரு சேவையைப் பார்க்கவேண்டுமென்றால் போர்ட் ஃபார்வர்டிங் போதும். எஸ்எஸ்எச், வலைத்தளம், தரவுத்தளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவதைவிட ஹோஸ்ட் ஒன்லியே சுலபம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது நேட்டும் ஹோஸ்ட் ஒன்லியும் சேர்ந்த இந்த இரட்டை ஏற்பாட்டைத்தான். வீட்டிலும் கல்லூரியிலும் ரயிலில் கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் அது மாறாமல் வேலை செய்யும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. இரண்டாவது அடாப்டரைச் சேர்த்துக் கெஸ்ட்டை மறுபடி இயக்கியதும் அதற்குத் தானாக முகவரி கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். உபுண்டு சர்வரில் அது நடக்காது. நிறுவும் நேரத்தில் ஓர் அடாப்டர் மட்டுமே இருந்ததால், அதன் பெயர் மட்டும்தான் உபுண்டுவின் பிணைய அமைப்புகளை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். 'ஐபி அட்ரஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: முதல் இடைமுகமான ஈஎன்பி0எஸ்3 முகவரியோடும், புதியதான ஈஎன்பி0எஸ்8 முகவரி இல்லாமல் டவுன் என்ற நிலையிலும் இருக்கும். நெட்பிளான் கோப்பில் இரண்டாவது பெயரையும் சேர்த்து, அதற்கு டிஎச்சிபியை இயக்கிவிட்டால் முகவரி வந்துவிடும்.

கேள்வி: எஸ்எஸ்எச் போர்ட் ஃபார்வர்டிங் சரியாக வேலை செய்கிறது. அதே முறையில் 5000 போர்ட்டையும் சேர்த்தேன். கெஸ்ட்டுக்குள் நான் எழுதிய பைத்தான் வலைநிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால் பக்கம் வருகிறது. விண்டோஸ் உலாவியில் மட்டும் வரவில்லை.
(மென்பொருள் பயிற்சியாளர், மதுரை)

பதில்: உங்கள் நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். கெஸ்ட்டுக்குள் எஸ்எஸ் என்ற கட்டளையை டி, எல், என், பி என்னும் நான்கு எழுத்துத் தேர்வுகளோடு கொடுத்தால், காத்திருக்கும் சேவைகளின் பட்டியல் கிடைக்கும். எஸ்எஸ்எச் இருக்கும் வரியில் 0.0.0.0:22 என்றும், உங்கள் நிரல் இருக்கும் வரியில் 127.0.0.1:5000 என்றும் இருக்கக்கூடும். பிழை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னையே குறிக்கப் பயன்படுத்தும் முகவரி. கெஸ்ட்டுக்குள் எழுதப்படும் 127.0.0.1 கெஸ்ட்டைக் குறிக்கும். விண்டோஸில் எழுதப்படும் 127.0.0.1 விண்டோஸைக் குறிக்கும். போர்ட் ஃபார்வர்டிங் உங்கள் கோரிக்கையை உள்ளே கொண்டுபோய்க் கெஸ்ட்டின் 10.0.2.15 என்ற வாசலில் சேர்க்கிறது. நிரலோ உள்ளறையில் மட்டும் காதுகொடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபிளாஸ்க், ஜாங்கோ போன்ற கருவிகளின் சோதனைச் சேவையகங்கள் பாதுகாப்பு கருதியே இயல்பாக 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கின்றன. இயக்கும்போது முகவரியை 0.0.0.0 என்று கொடுத்தால் எல்லா இடைமுகங்களிலும் காத்திருக்கும். உங்கள் பக்கமும் திறக்கும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களிலும் இதே நிலைதான். அவற்றின் அமைப்புக் கோப்பில் கேட்கும் முகவரியை மாற்றவேண்டும்; பயனர் எங்கிருந்து இணையலாம் என்ற அனுமதியையும் தனியாகத் தரவேண்டும்.

கேள்வி: நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். அங்கே கம்பிவழிப் பிணையத்தில் பிரிட்ஜ்டு முறையில் வைத்திருந்த கெஸ்ட்டுக்கு முகவரி கிடைத்து, மாணவர்கள் அனைவரும் அதை அணுக முடிந்தது. அதே மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைஃபையில் இணைத்தால் சில நேரம் முகவரி கிடைக்கிறது, சில நேரம் கிடைப்பதில்லை. வேறொரு கல்லூரிக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போனபோது கம்பி வழியாகவும் கிடைக்கவில்லை.
(ஆய்வக உதவியாளர், திருச்சி)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. இரண்டும் பிணைய அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரி என்னும் ஒரே வேரிலிருந்து கிளம்புகின்றன.

பிரிட்ஜ்டு முறையில் கெஸ்ட், உங்கள் பிணையத்தில் செருகப்பட்ட இன்னொரு தனிக் கணினியைப் போலவே நடந்துகொள்கிறது. அதற்கென்று தனி மேக் முகவரி உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கும் மேக் முகவரிகள் 08:00:27 என்று தொடங்கும்; லினக்ஸின் கேவிஎம் மெய்நிகராக்கத்தில் இயங்கும் கெஸ்ட்களுடையவை வழக்கமாக 52:54:00 என்று தொடங்கும். கம்பிவழி ஈதர்நெட் சட்டகத்தில் (பிணையத்தில் பயணிக்கும் தரவுத் தொகுப்பில்) அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு மேக் முகவரிகள் உண்டு. அனுப்புநர் இடத்தில் எந்த மேக் முகவரி இருந்தாலும் சாதாரண ஸ்விட்ச் அதைக் கற்றுக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். ஒரே கம்பியின் வழியாக ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் பேச முடிவது அதனால்தான்.

வைஃபையில் நிலைமை வேறு. மடிக்கணினி வைஃபை மையத்தோடு இணையும்போது தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறது. குறியாக்கத்துக்கான திறவுகோலும் அந்தப் பதிவோடு பிணைந்திருக்கிறது. மடிக்கணினியிலிருந்து மையத்துக்குப் போகும் சட்டகத்தில் மூன்று முகவரிகள் மட்டுமே இருக்கும்: வானலையில் பெறும் மையம், அனுப்பும் கருவி, இறுதியாகச் சேரவேண்டிய இடம். அனுப்பும் கருவிக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்று சொல்ல அதில் இடமே இல்லை. கெஸ்ட்டின் மேக் முகவரியோடு ஒரு சட்டகம் போனால், பதிவில்லாத யாரோ என்று மையம் அதைத் தள்ளிவிடும். இதைச் சமாளிக்க விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு மாற்று வேலை செய்கிறது. வெளியே போகும்போது கெஸ்ட்டின் மேக் முகவரியை அழித்து ஹோஸ்ட்டின் மேக் முகவரியை எழுதுகிறது. திரும்பி வரும்போது ஐபி முகவரியைப் பார்த்து, இது கெஸ்ட்டுக்கு உரியது என்று தெரிந்துகொண்டு மறுபடி மாற்றுகிறது. கெஸ்ட்டின் ஐபி முகவரியை அறிய, ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைத் தேடும் ஏஆர்பி பொதிகளையும் டிஎச்சிபி பொதிகளையும் அது கவனித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் இது போதுமானதாக இருக்கும். ஆனால் வைஃபை அட்டையின் இயக்கியும் ரவுட்டரின் டிஎச்சிபி சேவையும் இந்த மாற்றத்தோடு ஒத்துப்போகாத வீடுகளில், நீங்கள் சொல்வதைப் போல ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டுமே கெஸ்ட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பிரிட்ஜ்டு முறையோடு போராடவேண்டிய தேவையே இல்லை. முதல் பதிலில் சொன்ன இரட்டை ஏற்பாட்டுக்கு மாறிவிடுங்கள்.

மற்றொரு கல்லூரியில் நடந்தது பெரும்பாலும் ஸ்விட்ச்சின் கட்டுப்பாடாக இருக்கும். ஸ்விட்ச்சில் கம்பி செருகும் ஒரு போர்ட்டில் ஒரே ஒரு மேக் முகவரியை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு பல நிறுவனங்களில் உண்டு. இரண்டாவது மேக் முகவரி தென்பட்டதும் சில ஸ்விட்ச்கள் அந்தப் போர்ட்டையே மூடிவிடும். அப்போது ஹோஸ்ட்டின் இணைப்பும் சேர்ந்து போய்விடும். இதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். பிணையப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, கெஸ்ட்டின் மேக் முகவரியை எழுதிக் கொடுத்து அனுமதி பெறுவதே முறை.

கேள்வி: ஒரு கெஸ்ட்டைத் தயார் செய்து, அதிலிருந்து மூன்று நகல்கள் எடுத்தேன். நகலெடுக்கும்போது புதிய மேக் முகவரி உருவாக்கவேண்டும் என்பதையும் மறக்காமல் தேர்ந்தெடுத்தேன். ஆனாலும் மூன்றுக்கும் ஒரே ஐபி முகவரிதான் வருகிறது.
(முதுகலை மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: மேக் முகவரியை மாற்றியும் ஒரே ஐபி வருகிறது என்பதே விடையைக் காட்டிவிடுகிறது. டிஎச்சிபி சேவை, கேட்பவர் யார் என்பதை மேக் முகவரியைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்பவர் தனக்கென்று ஓர் அடையாள எண்ணை அனுப்பினால், அதையே முதன்மையாக எடுத்துக்கொள்ளும். உபுண்டு சர்வரில் பிணையத்தைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி, அந்த அடையாளத்தைக் கணினியின் மெஷின் ஐடியிலிருந்து உருவாக்கி அனுப்புகிறது. மெஷின் ஐடி என்பது ஈடிசி அடைவுக்குள் இருக்கும் ஒரு சிறு கோப்பு. வட்டை நகலெடுத்தபோது அதுவும் நகலாகிவிட்டது. டிஎச்சிபி சேவையின் பார்வையில் உங்கள் மூன்று கெஸ்ட்களும் ஒரே ஆள்.

சரியான தீர்வு, ஒவ்வொரு நகலிலும் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிட்டு மறுபடி இயக்குவது; தொடங்கும்போது புதிய ஐடி தானாக உருவாகும். கோப்பையே நீக்கிவிடாமல் உள்ளடக்கத்தை மட்டும் நீக்குங்கள். நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளமாக மேக் முகவரியையே பயன்படுத்து என்று ஒரு வரி எழுதியும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் மெஷின் ஐடி ஒன்றாகவே இருந்தால் வேறு இடங்களிலும் குழப்பம் வரும் என்பதால், முதல் வழியே மேலானது. கையோடு எஸ்எஸ்எச் சேவையகத்தின் திறவுகோல்களையும் ஒவ்வொரு நகலிலும் புதிதாக உருவாக்கிவிடுங்கள். அவையும் நகலாகியிருக்கும். மூன்று கணினிகள் ஒரே திறவுகோலைக் காட்டினால், எஸ்எஸ்எச் தரும் அடையாள உறுதிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

கேள்வி: ஹோஸ்ட் ஒன்லி அடாப்டருக்கு மாறாத முகவரி வேண்டும் என்று நெட்பிளான் கோப்பில் 192.168.56.20 என்றும், கேட்வேயாக 192.168.56.1 என்றும் எழுதினேன். இப்போது விண்டோஸிலிருந்து கெஸ்ட்டை அணுக முடிகிறது; ஆனால் கெஸ்ட்டில் இணையம் போய்விட்டது.
(அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர், விழுப்புரம்)

பதில்: எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை. டிஎச்சிபி பகிரும் 101 முதலான எண்களுக்கு வெளியே 20-ஐ எடுத்தது சரியான முடிவு. பிழை கேட்வே வரியில் இருக்கிறது.

கேட்வே என்பது, தனக்கு வழி தெரியாத எல்லா முகவரிகளுக்கும் உரிய பொதிகளை ஒப்படைக்கும் இடம். கெஸ்ட்டுக்கு ஏற்கெனவே நேட் அடாப்டர் வழியாக 10.0.2.2 என்ற கேட்வே இருக்கிறது. நீங்கள் இரண்டாவதாக ஒன்றைச் சொன்னதும், 'ஐபி ரூட்' கட்டளையில் டிஃபால்ட் என்று தொடங்கும் வரிகள் இரண்டு தோன்றியிருக்கும். ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்ற ஓர் எண் உண்டு. எண் குறைந்த வழிக்கே முதலிடம். டிஎச்சிபி மூலம் வந்த வழிக்கு உபுண்டுவில் 100 என்ற மெட்ரிக் இருக்கும். கையால் எழுதியதற்கு எண் குறிப்பிடாவிட்டால் அது சுழியம் எனக் கொள்ளப்படும். ஆகவே இணையத்துக்குப் போகவேண்டியவை எல்லாம் 192.168.56.1-க்கு, அதாவது உங்கள் விண்டோஸுக்குப் போய், அங்கே முன்னே அனுப்ப ஆளில்லாமல் நின்றுவிடுகின்றன. ஹோஸ்ட் ஒன்லி பிணையத்துக்கு வெளியுலகம் என்ற ஒன்றே கிடையாது என்பதால் அதற்குக் கேட்வே தேவையில்லை. அந்த வரியை நீக்கிவிட்டு, முகவரியை மட்டும் 192.168.56.20/24 என்று வைத்திருங்கள். நேட் அடாப்டர் டிஎச்சிபியிலேயே இருக்கட்டும்.

பழைய கட்டுரைகளில் 'கேட்வே4' என்று எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் இப்போது கைவிடப்பட்டு, 'ரூட்ஸ்' என்ற பகுதிக்குள் டிஃபால்ட் வழியை எழுதும் முறை வந்திருக்கிறது. நெட்பிளான் கோப்பு யாமல் வடிவத்தில் இருப்பதால், உள்தள்ளலுக்கு டேப் விசையைப் பயன்படுத்தக்கூடாது. இடைவெளி விசையை மட்டுமே பயன்படுத்தவேண்டும். பிழைச் செய்தி வரும்போது முகவரிகளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் உள்தள்ளலைப் பாருங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்து, நாம் நுழைந்துவந்த அதே அடாப்டரின் அமைப்பை மாற்றும்போது 'நெட்பிளான் அப்ளை' என்று கொடுக்காதீர்கள். 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுங்கள். புதிய அமைப்பை நடைமுறைப்படுத்திவிட்டு 120 விநாடிகள் அது காத்திருக்கும். அதற்குள் நீங்கள் என்டர் விசையை அழுத்தி உறுதிசெய்யாவிட்டால், பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இணைப்பு அறுந்துபோனால் உங்களால் அழுத்த முடியாது. இரண்டு நிமிடத்தில் கணினி தானாக மீண்டுவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் தொலைதூரச் சேவையகத்தில் ஒரே ஓர் எண்ணைத் தவறாக எழுதி 'அப்ளை' கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அங்கு பணிபுரிபவர் வந்து திரையின் முன் அமரும்வரை அந்தச் சேவையகத்தை யாரும் அணுக முடியாமல் செய்தவன் நான். என்னை நம்பி வேலையைக் கொடுத்தவர்களுக்கு அந்த இரவில் ஏற்பட்ட சிரமத்தை இன்னும் மறக்கவில்லை. உங்கள் கெஸ்ட் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. அதன் திரையைத் திறந்து சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பழக்கம் இங்கேதான் உருவாகிறது. உங்கள் மாணவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே 'ட்ரை' என்பதையே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ஐஎஃப்கான்ஃபிக் என்ற கட்டளை இல்லை என்கிறது. ஈத்0 என்ற அடாப்டரும் இல்லை. என் லினக்ஸில் ஏதோ குறையா?
(வாசகர், சேலம்)

பதில்: குறையில்லை. ஐஎஃப்கான்ஃபிக் இருந்த நெட் டூல்ஸ் தொகுப்பு இப்போது பல லினக்ஸ் வழங்கல்களில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதன் இடத்தில் ஐபி என்ற கட்டளை இருக்கிறது. ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் அடாப்டர்கள் கண்டுபிடிக்கப்படும் வரிசையைப் பொறுத்து இடம் மாறக்கூடியவை என்பதால், 2013-இல் சிஸ்டம்டி, வன்பொருளின் இருப்பிடத்தைக் கொண்டு பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. ஈஎன்பி0எஸ்3 என்றால் ஈதர்நெட், பிசிஐ பஸ் 0, ஸ்லாட் 3.

கேள்வி: கெஸ்ட்டிலிருந்து 8.8.8.8-க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. ஆனால் எந்த இணையதளத்தின் பெயரைக் கொடுத்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. அலுவலகப் பிணையத்தோடு இணைக்கும் விபிஎன் இயங்கும்போதுதான் இப்படி ஆகிறது.
(வீட்டிலிருந்து பணிபுரிபவர், கோயம்புத்தூர்)

பதில்: நல்ல முறையில் சோதித்திருக்கிறீர்கள். எண்ணுக்குப் பிங் போகிறது என்றால் அடாப்டர், முகவரி, கேட்வே மூன்றும் சரியாக இருக்கின்றன. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டுமே தடைப்பட்டிருக்கிறது. விபிஎன் இயங்கும்போது ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் சேவையகம் மாறிவிடுகிறது. கெஸ்ட்டோ பழைய சேவையகத்தையே கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது அந்தச் சேவையகத்துக்குப் போகும் வழியை விபிஎன் அடைத்திருக்கலாம்.

உபுண்டுவில் ரிசால்வ் கான்ஃப் கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்ற முகவரிதான் இருக்கும். அது கெஸ்ட்டுக்குள்ளேயே இயங்கும் சிஸ்டம்டி ரிசால்வ்டி என்ற இடைத்தரகரின் முகவரி. உண்மையில் யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை காட்டும். அந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். மறுபடி இயக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் நேட் முறையில், கெஸ்ட்டின் பெயர்த் தேடல்களை ஹோஸ்ட்டே தன் வழியில் தேடித் தரும்படி அமைக்க ஒரு தேர்வு உண்டு. விபாக்ஸ்மேனேஜ் கருவியில் 'நேட் டிஎன்எஸ் ஹோஸ்ட் ரிசால்வர்' என்ற அந்தத் தேர்வை, கெஸ்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு இயக்குங்கள். விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹோஸ்ட்டுக்குத் தெரியும் பெயர்கள் அனைத்தும் அப்போது கெஸ்ட்டுக்கும் தெரியும்.

கேள்வி: என் ஹோஸ்ட்டே லினக்ஸ்தான். கேவிஎம்மையும் அதை நிர்வகிக்கும் லிப்விர்ட்டையும் பயன்படுத்துகிறேன். கெஸ்ட்டுக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி வருகிறது. என் கணினியிலிருந்து அணுகலாம். அலுவலகத்தில் மற்றவர்கள் அணுக முடியவில்லை.
(அமைப்பு நிர்வாகி, சென்னை)

பதில்: 2007-இல் வெளிவந்த 2.6.20 பதிப்பிலேயே கேவிஎம் லினக்ஸ் கருவின் (கெர்னலின்) பகுதியாகிவிட்டது. ஆகவே லினக்ஸ் ஹோஸ்ட்டில் அதைத் தேர்ந்தெடுத்தது இயல்பான முடிவு. லிப்விர்ட்டின் டிஃபால்ட் பிணையம் விர்பிஆர்0 என்ற மென்பொருள் பாலத்தை உருவாக்கி, ஹோஸ்ட்டுக்கு 192.168.122.1-ஐக் கொடுத்து, டிஎன்எஸ்மாஸ்க் என்ற சேவை மூலம் கெஸ்ட்களுக்கு முகவரி பகிர்கிறது. இதுவும் நேட் தான். ஆனால் விர்ச்சுவல்பாக்ஸின் நேட் போலன்றி ஹோஸ்ட்டும் அதே பாலத்தில் இருப்பதால், ஹோஸ்ட்டிலிருந்து கெஸ்ட்டை நேரடியாக அணுக முடிகிறது.

மற்றவர்களும் அணுகவேண்டும் என்றால் ஹோஸ்ட்டில் பிஆர்0 என்று ஒரு பாலம் அமைத்து, கம்பிவழி அட்டையை அதன் உறுப்பாக்கி, கெஸ்ட்டையும் அதிலேயே சேர்க்கவேண்டும். இங்கே அடிக்கடி நிகழும் தவறு, ஹோஸ்ட்டின் ஐபி முகவரியை அட்டையிலேயே விட்டுவிடுவது. அட்டை பாலத்தின் உறுப்பான பிறகு முகவரி பாலத்துக்கு மாறிவிடவேண்டும். அட்டைக்கு முகவரி இருக்கக்கூடாது. பாலம் அமைக்கச் சோம்பல்பட்டு மேக்விடேப் என்ற நேரடி இணைப்பைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அதில் மற்ற எல்லோரும் கெஸ்ட்டை அணுக முடியும். ஹோஸ்ட் மட்டும் அணுக முடியாது. அது பிழையன்று, அந்த முறையின் அமைப்பே அப்படி.

எல்லாம் சரியாக இருந்தும் பாலத்தின் வழியே பொதிகள் போகவில்லை என்றால், அதே ஹோஸ்ட்டில் டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னனுப்பும் பொதிகளை இயல்பாகத் தடுக்கும்படி டாக்கர் தீச்சுவர் விதியை மாற்றுகிறது. பாலத்தின் பொதிகளும் தீச்சுவர் விதிகளுக்கு உட்படும்படி கரு அமைந்திருந்தால், உங்கள் கெஸ்ட்டின் பொதிகளும் அந்த விதியில் சிக்கிக்கொள்ளும். பிஆர்0 வழியாகப் போவதை அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்த்தால் வழி திறக்கும்.

கேள்வி: சந்தேகத்துக்குரிய ஒரு நிரலைச் சோதித்துப் பார்க்கவேண்டும். நேட் முறையில் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது என்பதால் அது பாதுகாப்பானதுதானே?
(கணினிப் பாதுகாப்பு பயிலும் மாணவர், புதுச்சேரி)

பதில்: அந்த வேலைக்கு நேட் பாதுகாப்பானது அன்று, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நேட் தடுப்பது வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டும்தான். உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடையே இல்லை. கெஸ்ட்டிலிருக்கும் நிரல் இணையத்துக்குப் போகலாம். உங்கள் வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையும், அதே வைஃபையில் இருக்கும் அச்சுப்பொறியையும் கண்காணிப்புக் கேமராவையும் தொடலாம். அவற்றுக்கு அந்தக் கோரிக்கை உங்கள் மடிக்கணினியிலிருந்தே வந்ததாகத் தெரியும்.

சோதனைக்குரிய கெஸ்ட்டுக்கு இன்டர்னல் நெட்வொர்க் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஹோஸ்ட்கூட இருக்காது. ஒரே பெயரிட்ட பிணையத்திலுள்ள கெஸ்ட்கள் மட்டுமே ஒன்றையொன்று காணும். டிஎச்சிபியும் இயல்பாக இல்லை என்பதால் முகவரிகளை நீங்களே எழுதவேண்டும். நிரல் யாரோடும் பேசவேண்டிய தேவை இல்லை என்றால், அடாப்டரின் கேபிள் இணைக்கப்பட்டுள்ளது என்ற தேர்வையே எடுத்துவிடலாம். ஹோஸ்ட்டோடு பகிர்ந்திருக்கும் கோப்புறை, பொதுவான கிளிப்போர்டு இரண்டையும் அணைத்துவிட்டு, ஸ்னாப்ஷாட் (கெஸ்ட்டின் அப்போதைய நிலையின் பதிவு) ஒன்று எடுத்துக்கொண்ட பிறகே அந்த நிரலை இயக்குங்கள்.